வெட்டியவனுக்குக் கடைசித் துண்டு

ஏழு பேருக்கு ஒரு கருப்பு ரொட்டி. ஜெர்மன் போர்க்கைதி முகாமில் அதை வெட்டும் வேலை ஹெக்டர் மன்கர் தலையில் விழுந்தது. தன் சொந்த ஊரான ஆர்புரோத் துறைமுகத்தில் மீன் கீறிப் பிழைத்தவன். அவன் கத்தி ஓடினால் எல்லாத் துண்டும் ஒரே கனம்தான். அதற்காக அவனை யாரும் நம்பிவிடவில்லை. பசித்துக் கிடக்கிறவன் யாரைத்தான் நம்புவான்? அதனால் ஒரு விதி இருந்தது. சீட்டுக்கட்டிலிருந்து ஆளுக்கொரு சீட்டு எடுப்பார்கள், பெரிய சீட்டு வந்தவன் முதலில் எடுப்பான், வெட்டியவனுக்குக் கடைசித் துண்டு.

செப்டம்பரில் ஹாலந்தில் பாராசூட்டில் குதித்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் இவர்கள். துப்பாக்கியில் போட ஒன்றும் இல்லாமல் போய், ஒரு வீட்டின் நிலவறையில் பிடிபட்டார்கள். அதற்கு முந்தின நாள் நீந்தத் தெரிந்தவர்கள் ஆற்றைத் தாண்டித் தப்பிவிட்டார்கள். ஹெக்டரின் ஊர்க்காரன் லாரிமரும் போயிருக்கலாம், மீன் மாதிரி நீந்துவான். ஹெக்டரின் முழங்கால் கிழிந்து கிடந்ததால் போகவில்லை. "உன்னை விட்டுட்டு வந்தேன்னு சொன்னா உங்கம்மா என்னைத்தான் கீறி உப்புல போடுவா" என்றான்.

அந்த லாரிமர்தான் இப்போது, ஜனவரிக் குளிரில், கீழ்ப்படுக்கையில் வயிற்றுப்போக்கில் கிடந்தான். முகாமிலேயே கைதியாக இருந்த டாக்டர் கையை விரித்துவிட்டார். மருந்து இல்லை, ஏதாவது தின்றால் பிழைக்கலாம் என்றார். அன்றிலிருந்து ஹெக்டர் தன் துண்டில் பாதியை அவனுக்குக் கொடுத்தான். நோயாளிக்கு டாக்டர் தரும் பங்கு என்று கூசாமல் பொய் சொன்னான். அவனைப் பிழைக்க வைத்தே ஆக வேண்டும். அதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

அரை வயிறு கால் வயிறானதும் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு நாள் துண்டுகள் தாறுமாறாக விழுந்தன. ஹெக்டருக்கு அவமானம் தாங்கவில்லை. சார்ஜன்ட் கல்கூனுக்கு முதல் சீட்டு. அவர் இருப்பதிலேயே சின்னதை எடுத்துக்கொண்டார். அடுத்தவனும் அப்படியே. லாரிமருக்காக எடுத்தவன் மட்டும் நல்லதாக ஒன்று எடுத்தான். கடைசியில் பலகைமேல் மிஞ்சியது பெரிய துண்டு.

"எனக்கு யாரும் பிச்சை போட வேணாம், சார்ஜன்ட்" என்றான் ஹெக்டர்.

"யாருடா போட்டா? வெட்டினவனுக்குக் கடைசித் துண்டு. விதி பிடிக்கலைன்னா ஹிட்லர்கிட்ட மனு போடு."

லாரிமர் படுத்தபடியே துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்னடா வெட்டு இது? ஊர்ல தெரிஞ்சா பூனைகூட உன்கிட்ட மீன் வாங்காது."

அதன் பிறகு அவன் அதிகம் பேசவில்லை. அடுத்த வாரம் ஒரு காலையில், கணக்கெடுப்புக்கு எழுப்பப் போனபோது விறைத்திருந்தான். உறைந்த மண்ணை மாற்றி மாற்றிக் கொத்திப் புதைத்தார்கள். ஹெக்டருக்கு அழக்கூடத் தெம்பில்லை. இத்தனை நாள் ஊட்டியதெல்லாம் வீண் என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் அந்தப் படுக்கைக்கு ஓகில்வி என்று ஒருவன் வந்தான். வேறு படைப்பிரிவு, அபர்டீன்காரன். மாலையில் ஹெக்டர் ரொட்டியை வெட்டினான், சீட்டு எடுத்தார்கள், கடைசித் துண்டு அவனுக்கு வந்தது. பழக்க தோஷம், அதை இரண்டாக வெட்டிப் பாதியைக் கீழ்ப்படுக்கைப் பக்கம் நீட்டிவிட்டான். ஓகில்வி வாங்கிக்கொண்டான்.

சார்ஜன்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹெக்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கொடுத்ததைப் பிடுங்கச் சண்டை போடும் தெம்பு அவனுக்கு இல்லை.

ஓகில்வி கையிலிருந்ததையும் ஹெக்டரையும் மாறி மாறிப் பார்த்தான். "உங்க மேசையில இப்படித்தானா?"

"ஆமா. இங்க இப்படித்தான்."

"அப்ப சரி" என்று ஓகில்வி தன் துண்டையும் கையாலேயே இரண்டாகப் பிய்த்து, பாதியை நீட்டினான். "இந்தா, உன்னோடது."

லாரிமர் போனபோது வராத அழுகை ஹெக்டருக்கு இப்போது பொத்துக்கொண்டு வந்தது. புதியவன் பயந்துபோய், தான் பிய்த்தது கோணலாகிவிட்டதா என்று சார்ஜன்டைக் கேட்டான்.

"கோணல்தான்" என்றார் அவர். "ஹெக்டர், வாங்கிக்கடா."

ஹெக்டர் வாங்கித் தின்றான்.