ஆண்டவர் இறங்காத மூன்று வருஷம்

2003 பங்குனித் திருவிழாவின் ஏழாம் நாள் மாலை நாலரை மணிக்கு, கல்லங்குறிச்சி மைதானத்தில் கட்டியிருந்த மரணக்கிணற்றில் பைக் ஏறிய ஆண்டவர் மூன்று வருஷம் கழித்துத்தான் கீழே இறங்கினார். அந்த மூன்று வருஷத்துக்கும் சேர்த்து வண்டிக்கு ஊற்றிய பெட்ரோல் ஒன்றரை லிட்டர். அந்த வருஷம் கடலை மூட்டை என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் எப்படிச் சொல்வார்களோ, அப்படித்தான் அந்தப் பக்கத்தில் இதையும் சொல்வார்கள்.

மரணக்கிணறு என்றால் மண்ணைத் தோண்டிய கிணறு இல்லை. பலகைகளை வட்டமாக நிறுத்தி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய இருபதடி உயரக் கூடு. உள்சுவரில் பைக் சுற்றும். சனம் மேலே விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும். விளிம்பிலிருந்து பத்து ரூபாய்த் தாளை நீட்டினால், ஓட்டுகிறவர் ஒரு கையை விட்டுவிட்டு மேலேறி வந்து பிடுங்கிக்கொண்டு போவார். அதற்குத்தான் விசில் பறக்கும். ஆண்டவர் வண்டி ஓட்ட, அவர் மனைவி கண்ணகி வாசலில் டிக்கெட் கிழிக்க, பதினோரு வருஷம் இரண்டு பேரும் திருவிழா திருவிழாவாகச் சுற்றிப் பிழைத்தார்கள்.

அந்த வருஷம் விசிலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மழை பொய்த்துப் போயிருந்தது. திருமழபாடியில் கொள்ளிடத்தை ஆடு மாடு குளம்பு நனையாமல் கடந்தது என்று கேலி பேசினார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் அரியலூர் சாலையோரம் வரிசையாக நின்று துருப்பிடித்தன. பெரம்பலூர்ப் பக்கத்து வெங்காயக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். கையில் காசு இல்லாதவன் முதலில் கைவிடுவது வேடிக்கையைத்தான், அது நியாயமும்கூட. ராட்டினம் நாலு தொட்டிலில் காக்கைகளை ஏற்றிக்கொண்டு சுற்றியது. மேஜிக் ஷோக்காரர் மூன்றாம் நாளே ஆளைக் காணோம். அது வித்தையில் சேராது.

ஏழாம் நாள் ஏழு பேருக்காக ஆண்டவர் வண்டியை ஏற்றியபோது, முதலாளி நல்லதம்பி டிக்கெட் மேசைக்கு வந்தார். நல்ல மனுஷர், பாவம், முகம் செத்துப்போயிருந்தது. “இந்த ஆட்டம் முடிஞ்சதும் பலகையப் பிரிச்சிடலாம்மா. இனிமே கட்டப் போறதில்ல. வித்துட்டு ஊரப் பாக்கப் போறேன்” என்றார்.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சக்கரம் தரையைத் தொடும்வரை ஓட்டுகிறவருக்கு எந்தச் செய்தியும் சொல்லக் கூடாது. பிள்ளை பிறந்தாலும் சரி, பெற்றவர் போனாலும் சரி. கண்ணகிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் டிக்கெட் கட்டை மேசையிலேயே போட்டாள். படியேறி ஓடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டாள்: “ஏங்க! இந்த ஆட்டம் முடிஞ்சதும் பிரிக்கிறாங்களாம்! இனிமே வேலை இல்லையாம்!”

ஆண்டவர் ஒரு சுற்று போய்விட்டு வந்தார். “முடிஞ்சாத்தானே?” என்று கேட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆறு மணிக்குப் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் அடங்கியது. வண்டி அடங்கவில்லை. பலகை மேல் சக்கரம் உருளும் சத்தம் மட்டும், யாரோ விடாமல் மாவாட்டுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. ஓட்டுகிறவர் சுவரில் இருக்கும்போது ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாது என்பதும் அந்தத் தொழிலின் கட்டுப்பாடுதான். நல்லதம்பி பத்து நாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோராம் நாள், “பலகை உம் புருசன்கிட்டயே இருக்கட்டும் தாயி” என்று சொல்லிவிட்டு வெறும் லாரியோடு போய்விட்டார்.

கண்ணகி ஏசினாள், அழுதாள், அவர் வந்த சுற்றெல்லாம் கும்பிட்டாள். பிறகு பசிக்குமே என்று இட்லியை நீட்டினாள். பிடுங்கிக்கொண்டு போனார். அதிலிருந்து ஊர் சனமும் நீட்ட ஆரம்பித்தது. தாள் கிடையாது, இருந்ததை நீட்டினார்கள். ஒருத்தர் சுட்ட சோளக்கதிர், ஒருத்தர் ஒரு கை கடலை, தூக்குவாளியில் கூழ். எதுவும் சிந்தியதில்லை. ஊர்க்கிழவி கொளஞ்சியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. திருப்பூரிலிருந்து மகன் போட்ட கடிதத்தை நீட்டினாள். ஆண்டவர் சுற்றுக்கு ஒரு வரியாகப் படித்துக் காட்டினார். “அம்மா, எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு” என்ற வரிக்கும் “காய்ச்சல் விட்டுடுச்சு” என்ற வரிக்கும் நடுவில் கிழவி பட்ட பாடு இருக்கிறதே!

வேறு வேடிக்கை எதுவுமே இல்லாத அந்த வருஷங்களில் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு அதுதான் வேடிக்கை. கேளிக்கை வரி ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார். இது இன்னும் அதே ஏழாம் நாள் ஆட்டம்தான் சார், ஏழு டிக்கெட்டுக்கும் வரி கட்டியாயிற்று என்று கண்ணகி அடிக்கட்டையைக் காட்டினாள். அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மேலேறி அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

கண்ணகி கிணற்றடியில் இட்லிக்கடை போட்டாள். பக்கத்திலேயே ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். கடை நன்றாகத்தான் ஓடியது. ஆனால் மூன்று வேளையும் இட்லியை நீட்டும்போது புருஷன் விரல் அவள் விரலில் படும், கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். மூன்று வருஷமாக அவளுக்குக் கிடைத்த புருஷன் அவ்வளவுதான். நம் வாயால்தானே இப்படி ஆனது என்று இட்லித்தட்டில் மாவு ஊற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள். அவர்மேல் கோபம், தன்மேல் அதைவிடக் கோபம். அவர் மறுபடியும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு.

2005 ஐப்பசியில் வானம் மூன்று வருஷக் கணக்கையும் சேர்த்து ஊற்றியது. கொள்ளிடம் கரை புரண்டது. தை பிறந்ததும் லாரிகள் துருவை உதறிக்கொண்டு கிளம்பின. சிமெண்ட் மூட்டை வாங்க ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். 2006 பங்குனித் திருவிழாவில் ராட்டினத்துக்கு வரிசை நின்றது. நல்லதம்பி புது வேட்டியில் வந்து விளிம்பில் நின்று, “இறங்குப்பா ஆண்டவரு! பெரம்பலூரு, செயங்கொண்டம், எல்லா ஊரும் பேசியாச்சு. வேலை உனக்குத்தான்!” என்று கத்தினார்.

“இறங்குனப்புறம் மாத்திப் பேசினீங்கன்னா?” என்றார் ஆண்டவர், அடுத்த சுற்றில்.

கூட்டம் ஐம்பதும் நூறுமாக நீட்டியது. அவர் ஒன்று விடாமல் பிடுங்கினார். நீட்ட நீட்ட வேகம்தான் கூடியது. கீழே நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கண்ணகிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. கெட்ட காலம் இறக்காத ஆளை நல்ல காலமும் இறக்கப் போவதில்லை. மனுஷருக்கு வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. வேலை இல்லாமல் வீட்டுக்குள் நுழைய வெட்கம். அன்றைக்கு அவள் வேலை இல்லையாம் என்று கத்தினாளே தவிர, இல்லாவிட்டால் என்ன, வாங்க என்று சொல்லவில்லை.

மாவுக் கையைக் கழுவிவிட்டுப் படியேறினாள். நீட்டிய தாள்களுக்கு நடுவில் வெறுங்கையை நீட்டினாள். ஆண்டவர் வந்தார், பிடுங்கப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை.

“என்னா புள்ள, ஒண்ணும் இல்ல?” என்று கேட்டுக்கொண்டே போனார்.

அவர் திரும்பி வரும்வரை காத்திருந்தாள். “ஒண்ணும் இல்லதாங்க! வேலை இருந்தாலும் வாங்க, இல்லாட்டியும் வாங்க. நம்ம வூட்டுக்கு வர்றதுக்கு டிக்கெட்டா கேக்கப் போறேன்?”

மூன்று சுற்று அவர் அதே உயரத்தில் போனார். நாலாவது சுற்றில் வண்டி ஒரு முழம் தாழ்ந்தது. பிறகு ஒரு ஆள் உயரம். பிறகு சக்கரம் தரையைத் தொட்டது. கூட்டம் விசிலடிக்க மறந்து நின்றது. கண்ணகி படியிறங்கி, கிணற்றுக் கதவைத் திறந்துகொண்டு ஓடி, முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டு, அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வண்டியை விட்டு இறங்கியவருக்குத் தரையில் நிற்க வரவில்லை. சாய்ந்து சாய்ந்து விழுந்தார். சுவரோரம் கொண்டுபோய் விட்டதும், பாதத்தைப் பலகையில் வைத்து, படுக்கைவாட்டில் நிம்மதியாக நின்றார். அரியலூர் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலு பேர் தாங்கலாகப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்டவர் கூடத்தின் கிழக்குச் சுவரில் நாலு எட்டு நடந்து, காலண்டருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கண்ணகி அந்தச் சுவரை ஈரத்துணியால் துடைத்தாள். அவர் முன்னால் சுவரிலேயே தட்டை வைத்து, சோறு போட்டு, குழம்பை ஊற்றினாள். சிந்தவில்லை.

“உப்பு போதுமா?” என்றாள்.

“போதும்” என்றார். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எங்கும் போகவில்லை. அவளும் பக்கத்திலேயே இருந்தாள்.