வாய் மூடினால் விற்றது

எங்கள் சந்தையில் ஏலம் கூவுகிறவன் வாயை மூடினால் சரக்கு விற்றுப்போயிற்று என்று அர்த்தம். கடைசியாக விலை கேட்டவனுக்கே சொந்தம். மணி, சுத்தியல் எதுவும் கிடையாது. கூவியவனே "தப்பு என்னுது" என்று ஒத்துக்கொண்டால் மட்டும் விற்றது செல்லாது. வருஷக்கணக்காக அந்த மேடையில் என் வாய்தான் ராஜா. இப்போது அந்த வாய்க்குள் பல் செட் இருந்தது.

சந்தையில் ஒரு ஈ காக்காய்க்கும் இது தெரியாது. மஞ்சள் காமாலை என்று புளுகி லீவு போட்டு, ஆடிக்கொண்டிருந்த பல்லையெல்லாம் பிடுங்கினேன். ஈறு ஆறும்வரை மசித்த சோறுதான். செட் வந்ததும் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்துப் பழகினேன். முதலில் 'ச' வரும் இடமெல்லாம் விசில் அடித்தது. ஈறு புண்ணாகி, பல் டாக்டர் அங்கங்கே ராவிக் கொடுத்தார். மெல்ல மெல்லப் படிந்தது.

அதற்குள் என் மேடையில் சங்கத் தலைவரின் மச்சான் ஏறிவிட்டான். தொண்டை போதாமல் மைக் பிடித்துக் கூவியதால் அவனுக்கு மைக்கு என்றே பெயர் விழுந்தது. நான் திரும்பி வருகிறேன் என்றதும் தலைவர் போனில் கறாராகச் சொன்னார்: "லீவுக்கு முன்னாடியே வாய் குழறி ரெண்டு ஏலத்தைக் கெடுத்தீங்க. இன்னொரு தடவை தப்புன்னு உங்க வாயில வந்துச்சு, மேடை மைக்குக்குத்தான். அப்புறம் என்கிட்ட வராதீங்க."

அப்படி நான் திரும்பவும் மேடை ஏற வேண்டிய நாளில்தான் என் மனைவி எனக்கு உதவி செய்தாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் செய்கிற வேலை. கொதிக்காத எதன் மேலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. என் செட்டை நான்தான் கழுவுவேன். கைதவறினால் உடையக் கூடாதே என்று தொட்டியில் துண்டை விரித்து, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்து, ராத்திரி பச்சைத் தண்ணீரில் போட்டு வைப்பேன். அன்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் கையில் ஆவி பறக்கும் கிண்ணம் இருந்தது.

"நல்லா கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துட்டேங்க. ஒரு கிருமி இருக்காது." முகமெல்லாம் சிரிப்பு.

ஆறவிட்டு எடுத்து மாட்டினேன். மேல் செட் ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் தூக்கிக்கொண்டது. சூட்டில் வளைந்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"உன்னை யாருடி தொடச் சொன்னா? என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே!"

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தனக்கு எடுத்து வைத்திருந்த இட்லித் தட்டை மூடினாள். பார்த்தும் பாராதவனாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

செட்டை நாக்கால் மேலே முட்டுக் கொடுத்தபடி மேடை ஏறினேன். வெங்காயம் போனது. முட்டைக்கோஸ் போனது. ஒவ்வொரு விலைக்கும் மேல் செட் சற்றே இறங்கும், நாக்கு தூக்கி நிறுத்தும். முதுகில் வியர்வை வழிந்தது. மைக்கு கீழே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து தக்காளி. கொண்டுவந்த அம்மாவின் புருஷன் படுத்த படுக்கை. ஒற்றை ஆளாகப் பயிர் செய்து, வண்டி பிடித்து வந்திருந்தாள். பழம் ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அடிமாட்டு விலைக்கு முதலில் கேட்டவர் கொக்கு. காத்திருந்து கொத்துகிற வியாபாரி அவர். இது வெறும் ஆரம்பம்தான், விலை மூன்று மடங்காவது ஏறும் என்று எனக்குத் தெரியும். மூச்சை இழுத்துக் குரலைத் தூக்கினேன். மேல் செட் பொத்தென்று நாக்கின் மேல் விழுந்தது.

வெளியே தெறிக்காமலிருக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

கொக்கு பாய்ந்து பெட்டியின் மேல் கையை வைத்தார். "மூடியாச்சு! சரக்கு என்னுது!"

அந்த அம்மா என்னை அண்ணாந்து பார்த்தாள். "அண்ணே... என்னண்ணே இது?"

நான் பேசாமல் இருந்தால் போதும். செட்டை நாக்கால் தள்ளி ஏற்றிவிட்டு அடுத்த சரக்கைக் கூவலாம். மேடையும் மானமும் தப்பிக்கும். அவள் தலையெழுத்து என்று சந்தை மறந்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரலை விட்டு செட்டை வெளியே எடுத்தேன். எச்சில் நூலாகத் தொங்க, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தேன்.

"விலை முடியல! பல்லு கழண்டு விழுந்துச்சு. தப்பு என்னுது!"

எவனோ கத்தினான்: "காமாலைக்குப் பல்லு கூடவா கொட்டும்?" கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"அதெல்லாம் செல்லாது. மூடினது மூடினதுதான்" என்று கொக்கு குதித்தார்.

"கூவுனவரே தப்புன்னு சொல்லிட்டாருல்ல, கையை எடுங்க" என்றார் மேடையோரம் நின்ற சங்கத் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பாமலே மைக்குக்குத் தலையாட்டினார்.

நான் இறங்கினேன், அவன் ஏறினான். தக்காளிக்கு விலை விறுவிறுவென்று ஏறி, நான் நினைத்த இடத்தையும் தாண்டியது. பயல் நன்றாகத்தான் கூவினான். எனக்கு வயிறு எரிந்தது.

செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தேன். அந்த அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை. முந்தானையில் துடைத்து, நன்றாகக் கனிந்த தக்காளி ஒன்றை நீட்டினாள்.

"சாப்பிடுங்கண்ணே. இதுக்குப் பல்லு வேண்டாம்."

வாங்கிக்கொண்டேன். காலையில் அவள் மூடி வைத்த தட்டு ஞாபகத்துக்கு வந்தது.

"இன்னொண்ணு குடும்மா" என்றேன். "வீட்டுல ஒருத்தி சாப்பிடாம உக்காந்திருப்பா."