வளையத்தில் பாதிக் கோடுகள்

அனந்தபத்மநாபன் சாருக்குக் கோடு என்றால் உயிர். மனிதர் தயிர்சாதத்தைக்கூட ஸ்கேல் வைத்துத்தான் பிசைவார் என்பாள் எங்கள் டைப்பிஸ்ட் மௌரீன். அந்தப் பெங்களூர் டிசைன் ஆபீசில் அவர் தலைமை இஞ்சினியர். நான் அலர்மேல்மங்கை, அங்கே இருந்த ஒரே பெண் இஞ்சினியர். அதனாலேயே எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வருஷம் 1964. பீரங்கிக் குண்டு தரையில் விழாமல், எதிரியின் தலைக்கு மேலே ஆகாயத்திலேயே வெடிக்க வேண்டும். அதற்காகக் குண்டின் மூக்கில் ஒரு ஃபியூஸ் உண்டு. அதன் வளையத்தைத் திருப்பி, எத்தனை நொடியில் வெடிக்க வேண்டும் என்று வைப்பார்கள். மலைப் பீரங்கிக்கும் சமவெளிப் பீரங்கிக்கும் ஒரே ஃபியூஸ்தான் வேண்டும் என்றது ராணுவம். ஃபியூஸ் பெட்டி மாறி மலைமேல் போய்விட்டால் கோவேறு கழுதை சுமந்ததெல்லாம் வீண்தானே?

சமவெளிக் குண்டு தூரம் போகும், அதற்கு நிறைய நொடிகள் வேண்டும். மலையிலோ கிட்டத்து அடி, அதற்கு நுணுக்கம் வேண்டும். சார் இரண்டையும் ஒரே வளையத்தில் அடக்கிவிட்டார். நாலு வருஷ உழைப்பு. முடி முடியாகக் கோடுகள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

பாதிக் கோடுகளை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன்.

"துல்லியம் போயிடுமேம்மா!"

"கொஞ்சம் போகும் சார். ஆனா குண்டு சிதறி ஒரு மைதானத்தையே அடிக்கறது. பனியில கிளவுஸ் போட்டவனுக்குக் கோடே தெரியலைன்னா, துல்லியத்தை வெச்சுண்டு என்ன பண்றது?"

மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நிரூபி. முடியலைன்னா திங்கட்கிழமை ட்ரேசிங் செக்‌ஷனுக்குப் போயிடு. அங்க உட்கார்ந்து கோடு போடு!"

சொன்னால் செய்கிறவர் அவர்.

ஏப்ரல் வெயிலில் பனிக்கு எங்கே போவது? அடுகோடிப் பக்கம் ஓர் ஐஸ் ஃபாக்டரியைப் பிடித்தேன். "பெங்களூர்ல எவனுக்கு, மேன், கிளவுஸ்?" என்று சிரித்துக்கொண்டே மௌரீன் தடித்தடியாகக் கம்பளிக் கையுறைகள் பின்னிக் கொடுத்தாள்.

ராணுவத்திலிருந்து மேஜர் வெங்கடசாமி நாலு ஜவான்களோடு வந்தார். ஐஸ் பாளங்களுக்கு நடுவில் மரக்குண்டுகளை நிறுத்தி, சாருடைய வளையம், பாதிக் கோடுகளோடு நான் செய்த வளையம் இரண்டையும் மாட்டினோம். மேஜர் ஓர் எண் சொல்வார், ஜவான் வளையத்தை அதில் வைக்க வேண்டும். என் வளையத்தை நாலு பேரும் சட்டென்று சரியாக வைத்தார்கள். சாருடையதில் தடுமாறினார்கள்.

"அவாளுக்குப் பழக்கமில்லை. நான் பண்றேன்," என்று சாரே உறையை மாட்டிக்கொண்டார்.

மேஜர் எண் சொன்னார். சார் வளையத்தை மூக்கருகே கொண்டுபோனார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. ஒரு ஜவான் வாயைப் பொத்திக்கொண்டான். சார் எப்படியோ திருப்பி வைத்தார். மேஜர் பார்த்துவிட்டு, மரக்குண்டை அவர் பக்கமே நகர்த்தினார்.

சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தானே குனிந்து பார்த்தார். "சீக்கிரமே வெடிச்சிருக்கும். நம்ம பசங்க தலைக்கு மேலயே," என்றார்.

ஜெயித்தது நான்தான். குதித்திருக்க வேண்டும். ஏனோ தோன்றவில்லை.

ஆபீசுக்குத் திரும்பியதும் சார் தன் வரைபடத் துணியை மேஜையில் விரித்தார். மசிக்கோட்டை அழிக்க வேண்டுமானால் பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பிளேடை எடுத்துக் கோட்டருகே கொண்டுபோனார். அப்படியே என்னிடம் நீட்டிவிட்டார்.

"ஐஸ்ல கை விறைச்சுப் போச்சும்மா. நீயே சுரண்டு."

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "ஆமா சார், என்ன குளிர்!" என்று நானும் கையைத் தேய்த்துக்கொண்டேன்.

"அழுத்தாதே. கிழிஞ்சா இன்னொரு நாலு வருஷம் நீதான் என்னோட உட்காரணும்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். முதல் கோட்டை மெல்லச் சுரண்டினேன். சார் குனிந்து, அந்த மசித்தூளைத் தன் வாயாலேயே ஊதிவிட்டார்.

"ம், அடுத்தது," என்றார்.