சக்கரத்தில் ஒட்டிய சேறு

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. அதன்மேல் போடவேண்டிய தொப்பியின் நிறம் பக்கத்துப் பற்களோடு ஒத்துப்போகவில்லை என்று பல் மருத்துவர் அலுத்துக்கொண்டு, அதைச் செய்கிறவரிடமே என்னை அனுப்பிவைத்தார். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் இரண்டு மேசைகள். ஒன்றில் ஊராருடைய தாடைகள் வெள்ளை மாவில் வார்க்கப்பட்டு வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன. இன்னொன்றில் ஒரு ராணுவ டாங்கி நின்றது. என் செருப்பைவிடச் சற்றுச் சிறியது. சக்கரங்களில் சேறு அப்பியிருந்தது. தொட்டால் விரலில் ஒட்டும் என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன்.

பல்செட்டுக்காரர் (அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்) என் வாயைத் திறக்கச் சொல்லி, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். வாயைப் பிளந்திருப்பவன் கேள்வி கேட்க முடியாது. அதனால் அவரே சொன்னார். அது அவருடைய அத்தான் ஓட்டிய வண்டி. அத்தான் என்றால் அக்காவின் கணவர், பட்டாளத்தில் டாங்கி ஓட்டியவர். மழைக்காலத்தில் ஒரு ஆற்றைக் கடந்து போனவர். இப்போது அக்காவும் அத்தானும் வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் இருக்கும் நாட்டுக்கே போகிறார்கள், வெள்ளிக்கிழமை விமானம். அதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை இதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பதினொரு மாத வேலை.

இதைக் கதையாக எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் யாருக்கும் கொடுப்பதற்கு முன் தனக்கு ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். எழுதுகிறவன் ஒப்புக்கொள்ளக் கூடாத நிபந்தனை அது. ஆனால் அவர் கையில் என் பல் இருந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'இரும்பு உறுமியது. விடியலின் செந்நிறத்தில் ஆறு கொந்தளித்துக்

அடித்துவிட்டேன். நான் டாங்கியை நேரில் பார்த்ததே இல்லை. அதிகபட்சம் ரோடு ரோலரைப் பார்த்திருக்கிறேன், அதுவும் நின்றுகொண்டிருந்தபோது.

இரண்டாவது தொடக்கம்: 'பல்செட்டுக்காரர் தனிமையில் வாடினார்.' சுத்தப் பொய். அவருக்கு மனைவி, இரண்டு மகள்கள், தினமும் போன் செய்யும் மாமியார் எல்லாரும் உண்டு. தனிமை என்று போட்டால் கதைக்குக் கனம் வந்துவிடும் என்கிற பழைய சபலம் என்னை இன்னும் விடவில்லை.

மூன்றாவது: 'பல்செட்டுக்காரருக்கு அழுக்கு பிடிக்கும்.'

இது நிற்கும். ஏனென்றால் இது அவருடைய தொழில் ரகசியம். வெள்ளை வெளேரென்று பல் செய்து கொடுத்தால் பார்ப்பவர்களுக்குப் பொய்ப்பல் என்று உடனே தெரிந்துவிடும். அதனால் ஓரத்தில் லேசான மஞ்சள், ஈறுக்கருகில் ஒரு பழுப்புக் கோடு, முன்பல்லில் மயிரிழை விரிசல் ஒன்று என்று மெல்லிய தூரிகையால் போடுவார். அறுபது வயதுக்காரருக்கு அறுபது வருஷம் மென்ற பல் வேண்டும் என்பது அவர் கட்சி. டாங்கியிலும் அதே கைதான். பெட்டிக்குள் பாகங்கள் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பச்சை அடித்து முடித்தால் பொம்மை மாதிரி பளபளவென்று நிற்கும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது: துரு, கீறல், எண்ணெய் வழிந்த கறை, புகை, புழுதி. அந்த வண்டி என்னென்ன பட்டதோ அதையெல்லாம் அதன் மேல் ஏற்ற வேண்டும்.

* இந்த இடத்தில் எழுத்தையும் இதோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். நீங்களே நினைத்துக்கொள்வீர்கள் என்று தூக்கிவிட்டேன்.

3

அவருக்கு ஒன்பது வயதில் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. அக்காவைக் கூட்டிக்கொண்டு போகப்போகிற ஆள் என்பதால் அத்தானைக் கண்டாலே எரிச்சல். மூன்று வார விடுப்பில் வந்த அத்தான் முதல் நாளே அதைக் கண்டுகொண்டார். கடைக்குப் போய் ஒரு பெட்டியை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, தனக்கு ஒட்டத் தெரியாது, நீ கொஞ்சம் உதவி செய் என்றார்.

இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பசையை அள்ளி அப்பியதில் சுழல வேண்டிய மேற்கூண்டு சுழலாமல் இறுகிவிட்டது. ஒரு பக்கம் ஆறு சக்கரம், இன்னொரு பக்கம் ஐந்து. மிச்சம் ஒரு சக்கரம் அக்காவின் தையல் பெட்டியில் பல வருஷம் கிடந்தது. பீரங்கிக் குழல் லேசாகக் கீழே தொங்கியதைப் பார்த்து அக்கா அதற்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சிரித்த மூன்று வாரம் தன் வாழ்க்கையில் இல்லை என்று பல்செட்டுக்காரர் சொன்னார். சொல்லும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு சக்கரத்தை அத்தான் பசை காயும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கையை எடுக்க முடியாது, எழுந்து போகவும் முடியாது. அப்போது பையன் கேட்டான், நீங்கள் சண்டைக்குப் போயிருக்கிறீர்களா என்று.

அத்தான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஆற்றைச் சொன்னார். விடியாத நேரம். மழை. ஓட்டுகிறவரின் கழுத்துவரை தண்ணீர். எதிரே ஒன்றும் தெரியாது. மேலே நிற்கும் அதிகாரி காலால் தோளை அழுத்துவார். இடது தோள் என்றால் இடது, வலது தோள் என்றால் வலது.

"நடுவுல மட்டும் நிக்கக் கூடாதுப்பா. நின்னா இன்ஜின் அணைஞ்சிடும். அணைஞ்சா அவ்ளோதான்."

அக்கரை ஏறியபோது வண்டி முழுக்கச் சேறு, யாருக்கும் எதுவும் ஆகவில்லை, பொழுது விடிந்திருந்தது. அவ்வளவுதான் கதை. பையனுக்கு அது போதும். பள்ளிக்கூடம் போகும் வழியில் தேங்கிய தண்ணீரை எல்லாம் அவன் நிற்காமல் கடந்தான், முழங்கால்வரை நனைந்து அடி வாங்கினான். இன்றைக்கும் மழைநாளில் தெருவில் தண்ணீர் நின்றால், பல்செட்டுக்காரர் பைக்கில் பின்னால் இருக்கும் மகளிடம் நடுவில் நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டேதான் கடப்பாராம்.

4

இதுவரை எழுதிவிட்டு மாட்டிக்கொண்டேன். அத்தான் நல்லவர், மச்சினன் நல்லவன், பரிசு அழகானது. எல்லாரும் நல்லவர்களாக இருந்தால் எழுதுகிறவன் என்ன செய்வான்?

அப்போதுதான் அந்தப் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தேன். பல்செட்டுக்காரர் என் போனுக்கு அனுப்பியிருந்த கறுப்பு வெள்ளைப் படம். அந்த வண்டிக்கு இருக்கும் ஒரே சாட்சி. சட்டைக் கையை மடித்துவிட்ட இளவயது அத்தான், பக்கத்தில் டாங்கி, அதன் பின்புறம் ஒரு வாளி தொங்குகிறது. வண்டியின் கீழ்ப்பாதி கருத்திருக்கிறது. அந்தக் கருப்புதான் சேறு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் பல் வார்க்கும் மாவில் காய்ந்த டீத்தூளையும் பழுப்புப் பொடியையும் குழைத்து, சக்கரம் சக்கரமாக ஒரு மாதம் பூசியிருந்தார். எந்தச் சக்கரத்தில் எவ்வளவு உயரம் கருப்போ, அவ்வளவு உயரம் சேறு.

நான் படத்தைப் பெரிதாக்கினேன். அத்தானின் கால்சட்டையும் முழங்கால்வரை கருத்திருந்தது. தரையும் கருத்திருந்தது. தரையில் ஓரிடத்தில் வானத்தின் வெளிச்சம் மின்னியது.

சேறு மின்னாது. அது ஈரம். வண்டியை அப்போதுதான் கழுவியிருக்கிறார்கள்.

உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன். கதை கிடைத்துவிட்டது. அத்தான் ஆற்றைக் கடக்கவே இல்லை.

[வாசகருக்கு: எனக்கு எதுவும் தெரியாது. மங்கலான பழைய படம். ஆற்றைக் கடந்த பிறகுகூட வண்டியைக் கழுவியிருக்கலாம். எனக்குத் தேவைப்பட்டது ஒரு கதை, அதனால் ஈரமாக்கிக்கொண்டேன்.]

5

இனி வருவது முழுக்க என் கற்பனை.

ஞாயிற்றுக்கிழமை பல்செட்டுக்காரர் போனபோது வீட்டில் பாதி இல்லை. சுவரில் படங்கள் இருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. அக்கா ஒரு பெட்டியை எடைபோட்டு, ஒரு கம்பளியை வெளியே எடுத்து, மறுபடி எடைபோட்டுக்கொண்டிருந்தாள். பல்செட்டுக்காரர், ஒட்டி மூடியிருந்த அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் டாங்கியை வைத்துத் துணியை விலக்கினார்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். குனிந்து சக்கரம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாளியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நிமிர்ந்து, ரொம்ப அழுக்காக இருக்கிறதே என்றார்.

ஆற்றைத் தாண்டின வண்டி அல்லவா என்றார் இவர்.

அக்கா எடைபோடுவதை நிறுத்திவிட்டாள். இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"எங்க வண்டி எங்கயும் போனதில்லப்பா," என்றார் அத்தான். "கேம்ப் கேட்டுக்குப் பக்கத்துல நிறுத்தி வெச்சிருந்தாங்க, வர்ற பெரிய மனுஷங்க பாக்கறதுக்கு. ஆறு வருஷம். தினம் காலைல நான்தான் கழுவுவேன். அந்த வாளியிலதான்."

பல்செட்டுக்காரர் விலக்கிய துணியை மடிக்கத் தொடங்கினார்.

"நீ ஆசையா கேட்ட. நான் சக்கரத்தைப் புடிச்சிட்டிருந்தேன். எழுந்து போக வழியில்ல. ஒருத்தர் சொன்னதைக் கேட்டிருந்தேன், அதை எடுத்துச் சொல்லிட்டேன். இப்ப இதை அங்க கொண்டுபோய் வெச்சா, பேரப்பசங்க கேப்பாங்க. மறுபடியும் அந்த ஆத்தைச் சொல்லணும். இந்த வயசுல என்னால முடியாதுப்பா."

இதற்கு இரண்டு முடிவு எழுதினேன்.

அ) பெயிண்ட் கரைக்கும் தின்னரைக் கொண்டுவரச் சொல்லி அத்தானே தூரிகையை வாங்கிக்கொள்கிறார். மேலிருந்து கீழாக, மேற்கூண்டில் தொடங்கிக் கடைசியில் சக்கரம் என்று, கை தானாகவே கழுவுகிறது. பச்சை வண்டி வெளியே வருகிறது. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். (இது எனக்குப் பிடித்திருந்தது. படித்துப் பார்த்துக் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.)

ஆ) பல்செட்டுக்காரர் டாங்கியைத் துணியில் சுற்றித் திரும்ப எடுத்துக்கொண்டு

எழுதி முடிக்கவில்லை. 'அ'வே பிரமாதமாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன்.

6

சனிக்கிழமை காலை, பல் தயார் என்று போன் வந்தது. கையெழுத்துத் தாள்களோடு மாடி ஏறினேன். பல்செட்டுக்காரர் தேய்க்கும் எந்திரத்தை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்து கேட்டார். மாமியார் போன் வந்த இடத்தில் சிரித்தார். தொங்கிய பீரங்கிக் குழலுக்கு இன்னும் பலமாகச் சிரித்தார். ஆறு வந்தபோது உதடு அசைந்தது. என்னோடு சேர்ந்து அவரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காவது பகுதியில் அவர் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதே நிறுத்திவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அடுத்து வருவது என் பிரமாதமான காட்சி. படித்து முடித்தேன்.

அவர் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து அசல் படத்தை எடுத்தார். பல்லைப் பார்க்கும் பூதக்கண்ணாடியை அதன் மேல் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

எனக்கு வியர்த்துவிட்டது. அது வெறும் கற்பனை, எனக்கு டாங்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது, கதைக்கு ஒரு சிக்கல் வேண்டுமே என்று எழுதினேன், நாளைக்கே அடித்துவிடுகிறேன் என்று உளறினேன்.

"உங்களுக்குத் தெரியாது சார்," என்றார் குனிந்தபடியே. "எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பதினோரு மாசம் பாத்திருக்கேன். சேறுன்னா ஓரம் இப்படிச் சீரா இருக்காது."

பிறகு டாங்கியைத் தன் பக்கம் திருப்பிவைத்தார். சேற்றின் மேல் விரலை வைத்தார். பெயர்க்கவில்லை, சும்மா வைத்துக்கொண்டிருந்தார். நான் வேடிக்கைக்காக எழுதிய ஒரு வரியால் ஒரு மனுஷனின் ஒன்பது வயதைக் கலைத்துவிட்டேன். பேனா பிடித்து இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை. இதை எதைக்கொண்டு கழுவுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்குக் குடுக்கணும்," என்றார். "வெள்ளிக்கிழமை போனா, அதுக்கப்புறம் நேர்ல பாப்பனோ என்னவோ. கேட்டுடட்டுமா சார்? இல்ல, ஒண்ணும் கேக்காம அப்படியே குடுத்துடட்டுமா?"

கேட்டால், அத்தான் ஆமாம் கடந்தேன் என்று சொல்லலாம். சொன்னாலும் இனி இவர் அந்த முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார். கேட்காமல் கொடுத்தால், அத்தான் கண்ணாடியைத் துடைக்கும் அந்த ஒரு நொடியில் இவருக்கு மூச்சு நின்றுவிடும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். என் கெட்டிக்காரத்தனம் அந்த மாடியோடு தீர்ந்துபோயிற்று.

என்னால் முடிந்தது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமையை எழுதாமல் விடுகிறேன். நீங்கள் எந்தக் கிழமையில் இதைப் படித்தாலும் அந்த அறையில் இன்னும் சனிக்கிழமைதான். பல்செட்டுக்காரர் சேற்றின் மேல் விரலை வைத்தபடி நிமிர்ந்து பார்க்கிறார். என்னைப் பார்க்கவில்லை, நான் அந்த மரியாதையை இழந்துவிட்டேன். உங்களைத்தான் பார்க்கிறார். அவர் அத்தானிடம் கேட்கட்டுமா, வேண்டாமா?