பீப்பாய்க்குத் தாலாட்டு

எங்கள் விஸ்கான்சின் ஊரில், மாதா கோயில் திருவிழாவுக்கு நார்பர்ட் வீட்டில் காய்ச்சும் பீர்தான் வழக்கம். போன வருஷம் அது வாயு ஏறாமல் சப்பென்று இருந்தது. பாதிப்பேர் அவர் பார்க்காத நேரமாகப் பார்த்துப் புல்லில் ஊற்றினார்கள். "இந்தத் தடவையும் அப்படின்னா கடையிலயே வாங்கிடலாம், நார்பர்ட்," என்று பங்குச்சாமி மென்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் அது அவருக்குத் தைத்துவிட்டது.

எஃகுப் பீப்பாயைக் குளிரவைத்து, சிலிண்டரிலிருந்து வாயுவை மெல்லத் திறந்துவிட்டு, ஒரு வாரம் சும்மா இருந்தால் போதும். பீரில் வாயு தானே ஏறிவிடும். சும்மா இருப்பதுதான் நார்பர்ட்டுக்கு வராது. இந்தத் தடவை காய்ச்சியதே தாமதமாகத்தான். எனவே திருவிழாவுக்கு முதல்நாள் குறுக்குவழியில் இறங்கினார். வாயுவின் அழுத்தத்தை உயர்த்தி, பீப்பாயைக் காலடியில் கிடத்தி உருட்டினார். சில நிமிஷம் உருட்டினால் வாயு கரைந்துவிடும். அதைத் தொலைக்காட்சி முன்னால் செய்ததுதான் வினை. பேஸ்பால் ஆட்டம் சமனில் நின்று நீண்டுகொண்டே போனது. காலும் நிற்கவில்லை.

"ஏங்க, பிள்ளை தூங்கிருச்சா?" என்றாள் அவர் மனைவி வெர்னா.

"சும்மா இரு, முக்கியமான கட்டம்!"

"நான் பெத்த மூணையும் ஒருநாளாவது இப்படி ஆட்டியிருக்கீங்களா?"

இதை எங்களுக்குச் சொன்னதும் அவள்தான்.

மறுநாள் பூசை முடிந்து நார்பர்ட் பீப்பாயின் குழாயைத் திறந்தார். கோப்பை நிறைய நுரை. அடுத்ததும் நுரை. மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றினார். உஸ்ஸென்று சீறியதே தவிர நுரை அடங்கவில்லை. வரிசை நீண்டது.

"யோவ் நார்பர்ட், பீர் கேட்டா ஷேவிங் சோப்பு குடுக்கிற!" என்றார் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த ஓர்வில். எல்லோரும் சிரித்தார்கள். நார்பர்ட்டின் காது சிவந்தது. பங்குச்சாமி கடைக்குப் போகக் கார் சாவியை எடுத்தார்.

அதைப் பார்த்ததும் ஓர்வில்லுக்குத் தன் கிண்டல் உறைத்தது. இடுக்கியைப் போட்டுவிட்டு வந்தார். எலுமிச்சைச் சாறு வைத்திருந்த ஜாடிகளைக் கழுவி, நுரையைப் பிடித்துப் பிடித்து நிழலில் வைத்தார்.

"அவசரக்காரங்க சோடா குடிங்க! இது ராஜா வீட்டுச் சரக்கு, காத்திருந்துதான் குடிக்கணும்!"

காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில், வேலித் தகராறில் பேச்சை விட்டிருந்த இரண்டு பேர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நுரை இறங்கியது. அதிகப்படி வாயு போய், ஜாடியில் பொன்னிறமாக, நாக்கில் அளவாகச் சுறுசுறுக்கும் பீர் நின்றது. பங்குச்சாமி ஒரு வாய் குடித்தார். சாவியைப் பைக்குள் போட்டார்.

"அடுத்த வருஷமும் நீங்கதான் நார்பர்ட். மேட்ச் இல்லாத நாளா பார்த்துக்குங்க."

இதற்குள் ஓர்வில்லின் அடுப்பில் சாசேஜெல்லாம் கரியாகியிருந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நார்பர்ட் முதல் ஆளாக ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நல்லா முறுகலா இருக்குய்யா," என்று மென்றார். "இன்னொண்ணு குடு."

அந்தப் பொய்யைக் கடவுள் கணக்கில் வைத்திருக்க மாட்டார். நாங்களும் தட்டை நீட்டினோம்.