மாதிரிக் கிண்ணம்

காலை ஏழு மணிக்கு நான் பட்டறைக்குள் நுழையும்போது மாதிரிக் கிண்ணம் எனக்காகத் தயாராக இருக்கும். எஃகு மேசையின் இடது ஓரத்தில், மூடி போட்டு, தேதி எழுதிய சீட்டு ஒட்டி. உள்ளே மூன்று கரண்டி முந்திரி விழுது. நான் கை கழுவி, புளிப்பு அளக்கும் மீட்டரின் முனையைத் துடைத்து, விழுதுக்குள் இறக்கி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பேன். புளிப்பு கூடக் கூட எண் குறையும். பிறகு சுவரில் தொங்கும் பதிவேட்டில் அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒன்பது மாதம் இதைச் செய்தேன். ஒரு நாள்கூட அந்தக் கிண்ணத்தை நான் நிரப்பியதில்லை.

நாங்கள் செய்தது முந்திரிச் சீஸ். அதில் பால் கிடையாது. முந்திரியை எட்டு மணி நேரம் ஊறவைத்து அரைத்து, முந்தைய தொட்டியிலிருந்து எடுத்துவைத்த உறையைக் கலந்து, துணி கட்டி, வெதுவெதுப்புக்காகப் பல்பு எரியும் அலமாரிக்குள் ஒரு நாள் வைப்போம். தயிர் உறைவது போலத்தான். எந்தக் கட்டத்திலும் அடுப்பு கிடையாது. டப்பாவின் மேல் ‘சூடு காணாதது’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்த இரண்டு சொற்களின் மேல் அக்காவுக்கு அப்படி ஒரு பெருமை.

அக்கா என் கூடப் பிறந்தவள் இல்லை. பட்டறையின் சொந்தக்காரி. கடைக்காரர்கள், வண்டிக்காரர், பக்கத்து அச்சகத்துப் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். இரண்டு வேலைகளில் ‘ரொம்ப மெதுவு’ என்று அனுப்பப்பட்ட பிறகு நான் அவளிடம் வந்தேன். முதல் நாள் நான் தராசை மூன்று முறை சரிபார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீ பொண்ணா, ஸ்கேலாடி?”

அன்றிலிருந்து நான் ஸ்கேல். வெள்ளைக் கோட்டின் பையில் அந்தப் பெயரை அவளே நீல நூலால் தைத்துக் கொடுத்தாள். நான் மாலை வகுப்பில் சேர வேண்டும் என்றபோது, வாரத்தில் மூன்று நாள் நாலரைக்கே கிளம்பச் சொன்னாள். “போய்ப் படிச்சுட்டு வா. நம்ம பட்டறையிலயும் ஒரு விஞ்ஞானி இருக்கட்டும்.”

வகுப்பு உணவுப் பாதுகாப்பைப் பற்றியது. மிஸ் பகலில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். சமைக்காத கொட்டைகளில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று ஒரு மாலை முழுவதும் சொன்னார். ஊறவைத்து, அரைத்து, வெதுவெதுப்பில் வைத்தால் நமக்கு வேண்டிய நுண்ணுயிரோடு வேண்டாததும் சேர்ந்து வளரும். விழுது சீக்கிரம் புளித்துவிட்டால் வேண்டாதது பெருகாது. புளிக்கத் தாமதமானால் அதற்குக் கொண்டாட்டம். “அப்புறமா புளிச்சு பிரயோஜனம் இல்ல. ஏற்கெனவே பெருகினது உடனே சாகாது. பல நாள் உள்ளயே உக்காந்திருக்கும்.”

மறுநாள் அக்காவிடம் முந்திரியைக் கொதிநீரில் ஒரு தரம் முக்கி எடுக்கலாமா என்று கேட்டேன்.

“அப்புறம் டப்பாவுல என்ன போடுறது? கொஞ்சம் சூடு கண்டதுன்னா?”

“இல்லக்கா, மிஸ் சொன்னாங்க…”

“புளிப்பு சரியா வந்தா போதும்னும் மிஸ் சொன்னாங்கல்ல? அதுக்குத்தானடி உன்ன வெச்சிருக்கேன். நீ அளந்து பாரு. நாலு புள்ளி நாலுக்கு மேல இருந்தா தொட்டியோட கொட்டிடலாம். போதுமா?”

போதும் என்று நினைத்தேன். அன்றைய டைரியில் ‘அக்கா கேட்டுக்கொண்டாள். பொறுப்பு என்னுடையது’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

மாதிரியை அளப்பவரே தொட்டியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதும் என் வகுப்பு நோட்டில் இருந்தது. ஆனால் அக்கா ஆறு மணிக்கே வந்து எடுத்துவைத்துவிடுவாள். என் வேலையைக் குறைக்கிறாள் என்று நினைத்தேன். நானே எடுக்கிறேன் என்றால் அவளைச் சந்தேகப்படுவது போல் ஆகிவிடுமே என்றும் நினைத்தேன். எதைக் கேட்பதற்கு முன்பும் இப்படி நாலு முறை யோசித்து, கடைசியில் கேட்காமல் விடுவது என் வழக்கம்.

மழை தொடங்கிய வாரம் பட்டறை ஈரச் சாக்கு போலக் குளிர்ந்து கிடந்தது. அலமாரியின் இரண்டு பல்புகளில் ஒன்று அணைந்துவிட்டது. உறையும் பழையது. பதினைந்து தொட்டிகளாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எடுத்து வந்தது. விழுது புளிக்கத் தாமதமாகும் என்று பயந்துகொண்டே மீட்டரை இறக்கினேன். 4.3. மறுநாள் 4.2. அதற்கடுத்த நாளும் 4.3.

“பாத்தியா? நம்ம உறைக்கு மழையும் ஒண்ணுதான், வெயிலும் ஒண்ணுதான்,” என்றாள் அக்கா.

எனக்கும் பெருமையாக இருந்தது. டைரியில் எண்களைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். கீழே, எனக்கு எதையும் விட்டுவிடப் பயம் என்பதால், சின்ன எழுத்தில் இதையும் எழுதினேன்: ‘கிண்ணத்தில் எலுமிச்சை வாசம். என் கையில் இருந்த சோப்பாக இருக்கலாம்.’ கை கழுவும் இடத்தில் வைத்திருந்தது எலுமிச்சை சோப்புதான்.

அந்த வாரங்களில் அண்ணிக்கு ஆறாவது மாதம். எங்கள் வீட்டுக்கு வந்த நாலு வருடத்தில் என்னிடம் ஒரு தரம்கூட முகம் சுளித்ததில்லை. பால் வாசம் பட்டாலே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டுபோன சீஸை மட்டும் ரொட்டியில் தடவி, இரண்டு துண்டு ரசித்துச் சாப்பிட்டாள்.

“டாக்டரம்மா பச்சையா எதுவும் வேணாம்னாங்களேடி,” என்றாள், மூன்றாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு.

“இது நானே அளந்தது அண்ணி. நாலு புள்ளி மூணு.”

“எனக்கு நம்பர் எல்லாம் புரியாது. உன்னப் புரியும்.” கடித்தாள்.

‘கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்’ என்ற வரி என் நோட்டில் இருந்தது, நானே எழுதியது. நான் அளக்காத சீஸுக்குத்தான் அந்த வரி என்று எனக்குள் ஏதோ ஒன்று தீர்மானித்திருந்தது. இப்போது யோசித்தால் அதற்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

புதன்கிழமை அண்ணிக்குக் காய்ச்சல். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மாலைக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தையின் துடிப்பைக் கேட்கும் பட்டையை வயிற்றில் கட்டி, கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாலு நாளாக என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டபோது அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சீஸ் என்று சொன்னதும் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “இது இவ அளந்தது டாக்டர்,” என்றாள் அண்ணி, காய்ச்சலோடு.

நான் முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். வியாழக்கிழமை ஏழு மணிக்கு முன்பே பட்டறைக்குப் போய் மீட்டரை எடுத்தேன். அதைச் சரிபார்க்க வைத்திருக்கும் அளவுத் திரவம் இரண்டிலும் முனையை நனைத்துப் பார்த்தேன். இரண்டிலும் சரியாகக் காட்டியது. பேட்டரி புதிது. முனையில் கீறல் இல்லை. கிண்ணம் மேசையில் இருந்தது. 4.3.

பிறகு, அங்கே வேறு எதுவும் சரிபார்க்க மிச்சமில்லை என்பதால், தொட்டியின் துணியை அவிழ்த்தேன். சுத்தமான கரண்டியால் மேலிருந்து கொஞ்சம் எடுத்து அளந்தேன். 5.6. என் கை தவறு செய்கிறது என்று நினைத்து நடுவிலிருந்து எடுத்தேன். 5.7. அடியிலிருந்து எடுத்தேன். 5.6. மறுபடி கிண்ணத்துக்கு வந்தேன். 4.3.

குனிந்து முகர்ந்தேன். எலுமிச்சை. அன்று நான் கையுறை போட்டிருந்தேன். சோப்பைத் தொடவே இல்லை.

“என்னடி ஸ்கேலு, இவ்ளோ சீக்கிரம்? அண்ணி எப்படி இருக்கா?”

அக்கா குளிர் அறையிலிருந்து அட்டைப்பெட்டியோடு வந்தாள். அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்ததை இரவே அவளுக்குப் போனில் சொல்லியிருந்தேன். அவிழ்ந்து கிடந்த துணியைப் பார்த்ததும் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“அக்கா, கிண்ணத்துல எலுமிச்சை விட்டீங்களா?”

அவள் இல்லை என்பாள் என்று காத்திருந்தேன். அவள் இல்லை என்றிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

“நாலஞ்சு சொட்டுதான்,” என்றாள்.

“ஏங்க்கா?”

“மழைடி. விழுது ஒரு நாள் லேட்டா புளிக்குது. எப்படியும் கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள புளிச்சுடும். நாம கொஞ்சம் முன்னாடியே எழுதினோம், அவ்ளோதான். தொட்டியில விட்டா ருசி கெட்டுடும்னுதான் கிண்ணத்துல மட்டும் விட்டேன்.”

“அப்ப நான் தினமும் எத அளந்தேன்?”

“உனக்காகத்தான்டி செஞ்சேன். அஞ்சரைன்னு வந்தா நீ சாப்பிடமாட்ட, தூங்கமாட்ட, டைரியில பத்துப் பக்கம் எழுதுவ. உன் மனசு எனக்குத் தெரியாதா?”

இதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என் தோளில் கை வைத்து, சின்னப் பிள்ளைக்குத் தலைவாரிவிடுகிற குரலில் சொன்னாள். ஒன்பது மாதம் ஒரு பொம்மை ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்து வண்டி ஓட்ட வைத்திருக்கிறாள். நானும் வளைவுகளில் கவனமாகத் திருப்பியிருக்கிறேன்.

“அண்ணிக்கு நான் குடுத்தேங்க்கா,” என்றேன்.

தோளில் இருந்த கை விலகியது. “மாசமா இருக்கிறவளுக்கு ஏன்டி குடுத்த? அது உன் தப்பு.”

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நேற்று நிரப்பிய டப்பாக்களை ஏற்ற வேண்டும். நான் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேராக 5.6 என்று எழுதினேன். வண்டி போகக் கூடாது என்றேன். அக்கா என்னைத் தாண்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நான் கோட்டோடு தெருவுக்கு வந்து, அச்சகத்து வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்று, சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தேன். என் பெயரை இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் சொன்னேன்.

ஆய்வாளர் பத்தரை மணிக்கு வந்தார். குடையை வாசலிலேயே விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்த, சிரிக்காத பெண்மணி. முதல் வேலையாக, எந்தெந்தக் கடைக்கு டப்பா போனது என்று கேட்டு ஒவ்வொன்றாக அழைத்து நிறுத்தச் சொன்னார். பிறகு அலமாரியின் அணைந்த பல்பைப் பார்த்தார். குளிர் அறையில் மிச்சமிருந்த டப்பா ஒன்றைத் திறந்து தன் மீட்டரால் அளந்தார். 5.1. அதன் பிறகுதான் பதிவேட்டைக் கையில் எடுத்தார்.

“எல்லாம் நாலு புள்ளி மூணு, நாலு புள்ளி ரெண்டுன்னு இருக்கு. யார் கையெழுத்து இது?”

“அவதான் மேடம்,” என்றாள் அக்கா உடனே. “அளவெல்லாம் அவ பொறுப்பு. படிக்கிற புள்ள. எனக்கு அந்த மெஷினெல்லாம் என்ன தெரியும்?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் காதோரம் ஒட்டியிருந்த விழுதுத் துளிகூட எனக்குத் தெரிந்தது. காலையில் அந்த எலுமிச்சை எனக்காக என்றவள்தான் இவள்.

“கையெழுத்து என்னோடதுதான் மேடம்,” என்றேன்.

என் பையில் டைரி இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தால் அக்கா செய்தது வெளியே வரும். நான் செய்யாமல் விட்டதும் வரும். கொஞ்ச நேரம் பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பிறகு எடுத்துக் கொடுத்தேன்.

ஆய்வாளர் நின்றபடியே படித்தார். சில பக்கங்களில் விரல் வைத்து எண்ணினார்.

“பதினோரு நாள் எலுமிச்சை வாசம்னு எழுதியிருக்க. பதினோரு நாளும் சோப்புன்னு எழுதியிருக்க.”

“ஆமா மேடம்.”

“ஒரு நாளாவது கேட்டிருக்கலாமேம்மா.”

அக்கா மெதுவாகச் சொன்னாள், “இதெல்லாமா எழுதி வெச்ச?” அவள் குரலில் இருந்தது அதிர்ச்சிதான். நான் அவளுக்குத் துரோகம் செய்துவிட்டது போலத்தான் கேட்டாள்.

தொட்டிகளுக்குச் சீல் வைத்தார்கள். கோட்டைக் கழற்றி மேசையில் மடித்து வைத்தேன். பையில் தைத்த பெயர் உள்பக்கம் போகும்படி மடித்தேன்.

வெள்ளிக்கிழமை சோதனை முடிவு வந்தது. சால்மோனெல்லா, மிஸ் சொன்ன வேண்டாத கிருமிகளில் ஒன்று. அதே சீஸைச் சாப்பிட்ட இன்னும் மூன்று பேர் வேறு ஆஸ்பத்திரிகளில் இருந்தார்கள். அண்ணிக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனாலும் இன்னும் சில நாள் பார்க்க வேண்டும் என்றார்கள்.

நடந்ததை எல்லாம் அண்ணியிடம் சொன்னேன். கிண்ணம், எலுமிச்சை, பதினோரு நாள், நோட்டில் இருந்த வரி. அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீதானே அளந்த?” என்றாள் கடைசியில்.

“அளந்தேன் அண்ணி. எடுத்தது நான் இல்ல.”

அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். வாய் காய்ந்திருந்தது. நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து அண்ணன் டம்ளரில் வெந்நீர் ஊற்றினான். அவள் கையில் வாங்கினாள். உடனே குடிக்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

“நீங்க காய்ச்சினதா?”

“ஆமா, நான்தான். குடி,” என்றான் அண்ணன்.

அவள் நிம்மதியாகக் குடிக்கட்டும் என்றுதான் சொன்னான். டம்ளர் அவள் உதட்டருகே போய்விட்டது.

“இல்ல அண்ணி,” என்றேன். “நான்தான் காய்ச்சினேன்.”

அண்ணன் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தான். அண்ணி டம்ளரைக் கட்டில் பக்கத்து மேசையில் வைத்தாள்.

“கீழ கடையில ஒரு பாட்டில் தண்ணி வாங்கிட்டு வாங்க,” என்றாள் அண்ணனிடம். “சீல் உடையாததா பாத்து வாங்குங்க.”

அண்ணன் போனான். அறையில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். குழந்தையின் துடிப்பு மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. டம்ளரிலிருந்து ஆவி வருவது நிற்கும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.