விட்டுக்கொடுக்காத ஒன்றரை முழம்

“இது கைக்கு வந்த வியாதி இல்லம்மா, ஆட்டத்துக்கு வந்த வியாதி.”

“ஆட்டத்துக்குக்கூட வியாதி வருமாங்க?”

“வரும். கோல்ஃப் ஆடுறவங்கள்ல நிறையப் பேருக்கு ஒரு வயசுல வரும். தூரத்துல நின்னு ஜோரா அடிப்பான். குழிக்குப் பக்கத்துல போய் மெல்ல உருட்டணும்னா மட்டும் மணிக்கட்டு வெடுக்குன்னு ஒரு இழு இழுக்கும். பெரிய பெரிய சாம்பியன்களையே விட்டு வைக்கல. என்னை மட்டும் விட்டுடுமா?”

“நான் ஆட்டத்தைப் பத்திக் கேக்கலைங்க. ஆஸ்பத்திரியில...”

“ஆஸ்பத்திரியில என் கை எப்படி இருக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா? எதிர்ல நின்னு கத்திரி எடுத்துக் கொடுத்தவ நீ.”

“அது அப்போ.”

“இப்பவும் அதே கைதான். பேச்சை மாத்து.”

கிளப்பிலிருந்து வீடு திரும்பும் வழியில், காருக்குள் கணவனுக்கும் மனைவிக்கும் நடந்த பேச்சு இது. அன்று அவள் பேச்சை மாற்றினாள். மூத்த மகளின் புது வீட்டுக்குத் திரைச்சீலை என்ன நிறத்தில் வாங்கலாம் என்று கேட்டாள். கேட்க வந்ததை அப்படியே விழுங்கிவிட்டாள்.

அதன் பிறகு அது எத்தனையோ தடவை தொண்டை வரை வந்து நின்றது. ஒரு நாள் கேட்கலாம் என்று வாயைத் திறந்தபோது மகள் போன் செய்தாள். இன்னொரு நாள் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், மனசு வரவில்லை. கண் டாக்டரிடம் போய், அதுவும் ஊரே ‘பாறைக் கை’ என்று பட்டப்பெயர் வைத்துக் கொண்டாடும் டாக்டரிடம் போய், இனிமேல் ஆபரேஷன் செய்யாதீர்கள் என்று எந்த வாயால் கேட்பது?

இப்போது தள்ளிப்போட நாளில்லை. கிளப்பில் தம்பதிகள் போட்டியின் இறுதி ஆட்டம் இன்று. எதிரே ஆடுகிறவர்கள் ஓய்வு பெற்ற ஜட்ஜும் அவர் மனைவியும். அந்த அம்மா கல்லூரியில் கணக்குப் பேராசிரியையாக இருந்தவர். சின்ன வயதில் விழுந்து ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒரே கண்ணில் இப்போது புரை. நாளைக் காலை அந்தக் கண்ணில் ஆபரேஷன். செய்யப்போவது பாறைக் கை.

“சிஸ்டர், பந்து போற இடத்தை இவருதான் எனக்குச் சொல்லணும்,” என்று முதல் குழியிலேயே சிரித்தார் பேராசிரியை. “முப்பது வருஷமா நான் சொல்றதை இவர் கேட்டாரு. இப்ப இவர் சொல்றதை நான் கேக்க வேண்டியிருக்கு.”

“மேல்முறையீடு கிடையாது,” என்றார் ஜட்ஜ்.

கிளப்பில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றபோது வந்த பேர். டாக்டரைக் கட்டிக்கொண்டு, இரண்டு பெண்களைப் பெற்று, தியேட்டரை விட்டு ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகும் போகவில்லை. கல்யாணமான புதிதில் கணவர் பழக்க தோஷத்தில், “சிஸ்டர், காபி” என்று சொல்லிவிட, மாமியார் தலையில் அடித்துக்கொண்ட கதை இன்றைக்கும் குடும்பத்தில் ஓடும்.

கோல்ஃபை அவள் முதலில் சக்களத்தி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிறு விடிந்தால் மனுஷன் வீட்டில் இருக்க மாட்டார். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது குடையைத் தலைகீழாகப் பிடித்து வீசுவார். சொந்தக்காரர் கல்யாணத்தில் வரிசையில் நிற்கும்போதும் வெறுங்கையால் ஓர் அடி அடித்துப் பார்ப்பார். கூடத்து விரிப்பில் டம்ளரைப் படுக்கவைத்துப் பந்து உருட்டுவார். கடைசியில், சக்களத்தி வீட்டைப் பார்த்தே விடுவோம் என்று ஒரு நாள் இவளும் கிளம்பிப் போனாள். நூறு தடவை அடித்து மண்ணைத் தோண்டிய பிறகு, நூற்றியொன்றாவது அடியில் பந்து மட்டையின் நடுவில் பட்டது. கையில் ஒன்றுமே தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் பந்து வானத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு அடிக்காக மறுவாரமும் போனாள். பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பைத்தியங்கள் எல்லாரும் அந்த ஒரு அடியைத் தேடித்தான் வருகிறார்கள் என்பது அவளுக்கு அப்போது புரிந்தது.

தம்பதிகள் போட்டியில் இரண்டு பேருக்கும் ஒரே பந்து. ஓர் அடி கணவன், அடுத்த அடி மனைவி. ஒரு குழியைக் கணவன் தொடங்கினால் அடுத்த குழியை மனைவி தொடங்க வேண்டும். ஒருவர் எங்கே கொண்டுபோய் விடுகிறாரோ அங்கிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். புதருக்குள் விட்டாலும் சரி, மணலில் புதைத்தாலும் சரி. இந்தப் போட்டி முடிந்த வாரத்தில் கிளப்பில் பாதி ஜோடிகள் பேசிக்கொள்வதில்லை என்று ஜட்ஜ் கேலி செய்வார். இன்னொரு வழக்கமும் உண்டு. பந்து குழிக்கு மிகப் பக்கத்தில் நின்றால், எதிர்ப்பக்கம் “எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிடுவார்கள். விழுந்ததாகவே கணக்கு. உருட்டிக் காட்ட வேண்டியதில்லை. பாறைக் கையிடம் யாராவது போய் ஒரு முழத்தை உருட்டிக் காட்டு என்பார்களா? அவருடைய நண்பர்கள் மாதக்கணக்கில் “எடுத்துக்கோங்க டாக்டர்” என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கையைப் பார்க்காமல் இருந்தார்கள். அது வெடுக்கென்று துள்ளுவதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கூடத்து விரிப்பில், அவர் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தபோது.

ஆட்டம் சமமாகவே போனது. முடிய மூன்று குழி இருந்தபோது அவள் அடித்த முதல் அடி நடுவில் போய் விழுந்தது. அங்கிருந்து குழியும் அதில் நட்ட கொடியும் இருக்கும் புல்தரைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். அவர் பையிலிருந்து ஒரு சின்ன மட்டையை உருவினார்.

“என்னங்க, அது எட்டாதே.”

“காத்து எதிர்ல வருது. பத்திரமா போவோம்.”

புல் நுனி அசையவில்லை. பந்து புல்தரைக்கு முன்னால் தள்ளி நின்றது. அங்கிருந்து அவள் தூக்கிப் போட்டது கொடியைத் தாண்டித் தூரமாக ஓடியது. அவர் அந்த நீண்ட தூரத்தை அழகாக உருட்டிக் குழியருகே கொண்டுவந்தார். கடைசி ஒரு முழம் அவள் பங்கு. போட்டாள். அந்தக் குழியில் இரண்டு பக்கமும் சமம்.

அடுத்த குழிக்கு நடக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் தொடங்கும் குழிகளில் இரண்டாவது அடி அவருடையது, மூன்றாவது அவளுடையது. நான்காவது, குழியோரத்துச் சின்ன உருட்டல், அவர் தலையில் வந்து விழும். இரண்டாவது அடியில் பந்தை வேண்டுமென்றே முன்னாலேயே நிறுத்திவிட்டால், அவளுடைய மூன்றாவது அடி குழியருகே வராது; அவருக்குத் தூரத்து உருட்டல் கிடைக்கும், சின்னது அவளுக்குப் போய்விடும். காலையிலிருந்து ஒவ்வொரு குழியாக மனத்தில் ஓட்டிப் பார்த்தாள். அவள் தொடங்கிய குழிகளில் எல்லாம் காற்று எதிரில் வந்திருந்தது!

 தன் கையை நம்ப முடியாது என்று அவருக்கே தெரியும். சிரித்துச் சமாளித்ததெல்லாம் அவளுக்காக. இந்த ஆட்டம் முழுவதும் அவர் குழியைப் பார்த்து ஆடவில்லை, தன் கையைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தார்.

அப்படியென்றால் ஆஸ்பத்திரியில்? தன்னிடம் வேலை பார்க்கும் சின்ன டாக்டருக்கு இப்போதெல்லாம் நிறைய கேஸ் விட்டுக்கொடுக்கிறார் என்று அவள் பெருமையாக நினைத்திருந்தாள். “பையன் கத்துக்கட்டும்” என்பார். கஷ்டமான கேஸ் வந்தால் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஜட்ஜ் வீட்டுக் கேஸை மட்டும் அனுப்ப முடியவில்லை. “உங்களைத் தவிர யார்கிட்டயும் கண்ணைக் காட்ட மாட்டேன்” என்று அந்த அம்மா நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

கடைசிக் குழி அவள் தொடங்க வேண்டியது. அப்போதும் ஆட்டம் சமம். கிளப் வராந்தாவில் கூட்டம் நின்றது. காபிக் கோப்பையை வைக்கும் சத்தம்கூட இல்லை. அவள் அடித்தாள், நேராகப் போனது. அவர் மறுபடி சின்ன மட்டையை எடுத்தார். அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பந்து புல்தரைக்கு வெளியே நின்றது. பேராசிரியையும் ஜட்ஜும் நான்கு அடியில் முடித்துவிட்டார்கள்.

“சிஸ்டர், இப்ப நீங்க போட்டா கோப்பை உங்களுக்கு. டாக்டர் போட்டா இன்னொரு குழி. இல்லைன்னா கோப்பை எங்க வீட்டு அலமாரிக்கு,” என்றார் ஜட்ஜ். “அலமாரியை நேத்தே துடைச்சு வெச்சாச்சு.”

அவள் பந்தின் மேல் குனிந்தாள். கொஞ்சம் தூக்கலாகத் தட்டினால் போதும். பந்து கொடியைத் தாண்டி ஓடும். அவருக்குத் தூரம் கிடைக்கும், மானம் காப்பாற்றப்படும். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நர்ஸம்மாவுக்குக் கடைசி நேரத்தில் பதற்றம் என்பார்கள். இத்தனை மாதமும் அவள் செய்தது அதுதானே?

எதிரே பேராசிரியை கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பந்து தெரிகிறதோ இல்லையோ, அது இருக்கும் திசையை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒழுங்காக அடித்தாள்.

கையில் ஒன்றுமே தெரியவில்லை. பந்து தாழ எழுந்து, ஒரு தடவை குதித்து, சரிவைக் கேட்டுக் கேட்டு வளைவதுபோல உருண்டு, குழியை நோக்கியே போனது. விழுந்துவிடு தாயே என்று மனசுக்குள் கத்தினாள். விழவில்லை. ஒன்றரை முழம் தள்ளி நின்றது. வராந்தாவில் கைதட்டல். அவள் வாழ்க்கையில் அடித்த அடிகளிலேயே அருமையான அடி அது. கணவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஒன்றரை முழம். எல்லோரும் விட்டுக்கொடுக்கிற தூரம். ஜட்ஜ் வாயைத் திறந்துவிட்டார். “எடுத்து...”

“இருங்க,” என்றார் பேராசிரியை. “எவ்வளவு தூரம்?”

“ஒன்றரை முழம் இருக்கும். டாக்டருக்கு இதெல்லாம் ஒரு தூரமா? விடும்மா.”

“விட மாட்டேன். நாளைக்கு என் கண்ணையே அவர் கையில கொடுக்கப்போறேன். அப்ப நான் ஒண்ணையும் பார்க்க முடியாது. இன்னிக்காவது கொஞ்சம் பார்த்துக்கிறேனே!”

வராந்தாவே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். “நியாயமான ஆசைதான்மா,” என்று சொல்லிக்கொண்டே உருட்டும் மட்டையோடு வந்து நின்றார்.

நின்றார். நின்றுகொண்டே இருந்தார். குழியைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், மறுபடி குழியைப் பார்த்தார். அவள் அவருடைய வலது மணிக்கட்டை மட்டும் பார்த்தாள். எத்தனை வருஷம் பார்த்த மணிக்கட்டு! பச்சைத் துணிக்கு நடுவில், விளக்கு வெளிச்சத்தில், மயிரிழை பிசகாமல் நின்ற கை. அந்தக் கையைப் பார்த்துத்தான் அந்த ஆளையே பிடித்தது. மட்டை மெல்லப் பின்னால் போனது. முன்னால் வரும்போது, பந்தைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால், மணிக்கட்டு வெடுக்கென்று துள்ளியது.

பந்து குழியை ஒட்டிக்கூடப் போகவில்லை. பக்கவாட்டில் சீறிப் போய்ப் புல்தரையின் ஓரத்தில் நின்றது.

 ஜட்ஜ் பெருமூச்சோடு தொப்பியைக் கழற்றினார். “பிரஷர்! அடடா. மனுஷன்னா அப்படித்தான்.” ஆட்டம் முடிந்தால் தொப்பியைக் கழற்றிக் கைகொடுப்பது வழக்கம். பேராசிரியை இரண்டு கையாலும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். “என்ன டாக்டர், நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். மனசுல வெச்சுக்காதீங்க. காலையில வெறும் வயித்தோட வந்துடறேன்.”

“வாங்கம்மா,” என்றார் அவர்.

ஜட்ஜ் தம்பதி வராந்தாவை நோக்கி நடந்தார்கள். கூட்டம் அவர்களைச் சூழ்ந்துகொண்டு உள்ளே போனது. புல்தரையில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். அவர் பந்தை எடுத்து வந்து அதே இடத்தில் வைத்தார். உருட்டினார். டக்கென்று விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

“பாத்தியா?” என்றார். குரலில் சின்னப் பிள்ளை மாதிரி ஓர் ஆவல். “ஒண்ணுமே இல்ல. கூட்டம் பார்த்துக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். இன்னொரு தடவை பாரு.”

குழிக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்து அவர் மூன்றாம் முறை வைக்கப் போனபோது, அவள் குனிந்து அந்தக் கையைப் பிடித்தாள். பந்தோடு சேர்த்துப் பிடித்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. அவர் உருவிக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

“என்ன? சொல்லு,” என்றார். அவள் கண்ணைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. “பேச்சை மாத்தப் போறியா?”

“இல்லங்க. இன்னிக்கு மாத்த மாட்டேன்.”

அவர் அசையாமல் நின்றார்.  அவள் பிடியைத் தளர்த்தாமல் சொன்னாள்.

“அந்த அம்மா கண்ணைச் சின்ன டாக்டர்கிட்ட விட்டுடுங்க. நான் பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிறேன். இனிமே நீங்க தியேட்டருக்குள்ள போக வேண்டாங்க. எனக்காக இந்த ஒண்ணை மட்டும் செய்யுங்க, கத்தியைக் கீழ வெச்சுடுங்க.”